கறுத்த கொலுசைத் தேய்க்காதீர்கள்

கொலுசு கறுத்ததும் டூத்பேஸ்டும் பழைய பிரஷுமாக உட்கார்ந்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். பளிச்சென்று ஆகும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கறுப்பு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கல்ல. காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்ஃபைடு. அதைத் தேய்த்தெடுத்தால் அதற்குள் இருக்கும் வெள்ளியும் கூடவே போகும். பூ வேலைப்பாடு நாளடைவில் மழுங்குவது இப்படித்தான்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு, சோப்புப் படிவு, மஞ்சள் எல்லாம் போகவேண்டும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டு விட்டு, கொலுசைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். கண்ணிகளின் இடுக்கில் குழந்தைகளின் மெல்லிய பிரஷால் லேசாகத் தட்டினால் போதும். பிசுக்கு மிச்சமிருந்தால் அடுத்த வேலை அங்கே பலிக்காது, திட்டுத் திட்டாகக் கறுப்பு நிற்கும்.

இனி கறுப்பு. அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரியுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் ஒன்றுதான். அதன்மேல் கொலுசை வைத்து, ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு தேக்கரண்டி கல்லுப்பும் தூவி, கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், கிண்ணத்தில் இடம் விடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்படவேண்டாம், வெள்ளியை விட்டுக் கந்தகம் கழல்கிறது என்று அர்த்தம். வெள்ளி கொலுசிலேயே தங்கிவிடும். தாளைத் தொடாத இடம் சரியாக வெளுக்காமல் போகலாம். இரண்டு நிமிடத்தில் இடுக்கியால் புரட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். ரொம்பக் கறுத்திருந்தால் புதுத் தாள், புது வெந்நீரில் இன்னொரு முறை.

கல் ஒட்டியது, எனாமல் பூசியது, வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆன்டிக் கொலுசு, இவற்றுக்கு இந்த வைத்தியம் ஆகாது. பசை விடும், அழகுக்காக ஏற்றிய கறுப்பும் போய்விடும். சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நல்ல தண்ணீரில் அலசியபின் சலங்கைகளுக்குள் நீர் தங்கும். உதறி, பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரம் போடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் வைத்தால் பட்ட பாடு வீண். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரிலேயே கந்தகம் இருக்கிறது, சுற்றிய இடத்தில் கோடு விழும். ஒவ்வொரு கொலுசையும் தனித்தனி ஜிப் கவரில், காற்றை அழுத்தி எடுத்துவிட்டு வையுங்கள்.

கழற்றி வைக்கும்போதே கொக்கி மாட்டும் கடைசி வளையத்தையும் பார்த்துவிடுங்கள். கொலுசு தொலைவது பெரும்பாலும் அங்கேதான். பக்கத்து வளையத்தைவிட மெலிந்திருந்தால் பட்டறையில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். கொக்கி வாய் பிளந்திருந்தால் ஒருமுறை அழுத்தி மூடலாம். அடிக்கடி வளைத்தால் ஒடிந்துவிடும்.