கணினிக்குள் ஒரு விண்மீனை வெடிக்க வைப்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

கப்பலில் இங்கிலாந்து போகையில், 1930-இல், இயற்பியலாளர் சந்திரசேகர் போட்ட கணக்கிலிருந்து பிறந்தது, வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்) தாங்கக்கூடிய நிறையின் எல்லை: சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறை. கார்பனும் ஆக்சிஜனுமான வெள்ளைக் குள்ளன் ஒன்று அதை நெருங்கினால், நடுவில் கார்பன் பற்றிக்கொள்ளும். சில நொடிகளில் விண்மீனே சிதறிவிடும். 1ஏ வகை சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்பு பிறப்பதற்குச் சொல்லப்படும் வழிகளில் இது ஒன்று.

இதை சிமுலேஷன் செய்யப் புதிதாக வருபவர்கள் பாடப்புத்தகத்து வாயுச் சமன்பாட்டையே போட்டுவிடுவது உண்டு. அதில் சூடேறினால் வாயு விரிந்து குளிர்ந்துவிடும், வெடிப்பே வராது. வெள்ளைக் குள்ளனைத் தாங்குவது நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தம். வெப்பம் ஏறினாலும் அது அவ்வளவாக ஏறாது. எரிதல் கட்டுமீறுவதே அதனால்தான்.

மிகப் பெரிய சிக்கல் சுடர். விண்மீனின் ஆரம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். மையத்தில் எரியும் சுடரின் தடிமனோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முழு விண்மீனையும் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்போது ஒரு கட்டமே கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அதற்குள் அணுவினைகளை அப்படியே ஓடவிட்டால், ஒலி அந்தக் கட்டத்தைக் கடப்பதற்குள் எரிபொருள் தீர்ந்து அழுத்தம் எகிறும். இல்லாத வெடிப்பலை ஒன்று கிளம்பும். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கொளுத்தியது இயற்கை இல்லை, கட்டத்தின் அகலம். அதனால்தான் சுடரின் வேகத்தைத் தனியாகக் கணக்கிட்டு, ஒரு கணித மாதிரியாக (model) உள்ளே கொடுக்கிறார்கள்.

வினைகளின் வேகங்களுக்குள்ளும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இப்போதைய நிலையை மட்டும் வைத்து அடுத்ததைக் கணக்கிடும் சாதாரண முன்னோக்கு முறையில் கொஞ்சம் பெரிய காலஅடி (ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) வைத்தாலே சில தனிமங்களின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதைப் பூஜ்யமாக்கி, பங்குகளின் மொத்தத்தை 1 ஆகச் சரிக்கட்டிவிட்டு நகர்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இல்லாத ஆற்றல் உள்ளே நுழைவது அந்த இடத்தில்தான். அடுத்த நிலையையும் சேர்த்தே சமன்பாட்டைத் தீர்க்கும் உள்ளார்ந்த முறைக்கு மாறுங்கள்; காலஅடியைக் குறையுங்கள்.

ஹீலியத்திலிருந்து நிக்கல்-56 வரை 13 அணுக்கருக்களும் அவற்றுக்கிடையிலான வினைகளும் கொண்ட சிறு வலை, ஆற்றலைக் கணக்கிடப் பெரும்பாலும் போதும். விளைந்த தனிமங்களைச் சொல்ல அது போதாது. அந்தப் பதின்மூன்றிலும் புரோட்டானும் நியூட்ரானும் சம எண்ணிக்கை. மையத்தில் புரோட்டான்கள் எலக்ட்ரான்களை விழுங்கி நியூட்ரான்களாவது அதில் பதிவாகாது. நிக்கல்-58, மாங்கனீசு-55 போன்றவை வேண்டுமென்றால், வாயுவோடு மிதக்கும் தடத்துகள்களின் வெப்பநிலையையும் அடர்த்தியையும் பதிந்துவைத்து, நூற்றுக்கணக்கான அணுக்கருக்களோடு பிறகு மறுபடி ஓட்ட வேண்டும்.

முடிவை வெளியில் சொல்லும் முன் கட்டத்தைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். வெடிப்பு வேறு இடத்தில் தொடங்கினால், முதல் படத்தை ஒதுக்கிவையுங்கள்.