கல்லெறி தூரம்: 'எ ஸ்டோன்ஸ் த்ரோ'வைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

குமரி மாவட்டத்தில் வழி கேட்டால் "இன்னா கெடக்கு மக்கா" (இதோ பக்கத்தில்தான் இருக்கிறது) என்பார்கள். நம்பி நடந்தால் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கேட்டவர் மலைத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான், பேச்சில் செல்லுபடியாகும். அதையே லாட்ஜ் விளம்பரத்தில் 'மிக அருகில்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரான 'எ ஸ்டோன்ஸ் த்ரோ' (a stone's throw) என்று எழுதினால் பெட்டியோடு வந்திறங்கும் ஆள் சண்டைக்கு வருவார்.

படி 1: பொருளைப் பிடியுங்கள்

நமக்கு இது புதிதே இல்லை. தமிழ் வேதாகமத்தில் லூக்கா 22:41-ல் 'கல்லெறிதூரம்' என்ற சொல்லே இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஒரு கல்லை வீசினால் விழும் தூரம். ஓரிரு நிமிட நடை என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: முதல் அச்சு

'இன்னது + இஸ் + எ ஸ்டோன்ஸ் த்ரோ + ஃப்ரம் + இன்ன இடம்.'

தி காந்தி மண்டபம் இஸ் எ ஸ்டோன்ஸ் த்ரோ ஃப்ரம் தி பகவதி அம்மன் டெம்பிள்.

தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே நடந்துவிடும். முதலில் 'எ'. தமிழில் அதற்கு இணையான சொல் தேவைப்படாததால் விட்டுவிடுகிறோம், விடக் கூடாது. அடுத்து 'ஸ்டோன்ஸ்'. கடைசி 'ஸ்' பன்மை இல்லை, 'கல்லின்' என்பதில் வரும் 'இன்'. அதனால் எஸ் எழுத்துக்கு முன்னால் மேற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) கட்டாயம். 'த்ரோ'வின் எழுத்துகள் டி, எச், ஆர், ஓ, டபிள்யூ; 'வழியாக' என்று பொருள் தரும் 'த்ரூ' வேறு சொல்.

நம்மூர் எழுத்தில் அதிகம் காணும் பிழை 'அட் எ ஸ்டோன் த்ரோ டிஸ்டன்ஸ்'. 'கல்லெறி தூரத்தில்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் வருவது. இங்கே 'த்ரோ' என்பதே எறியும் தூரத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'டிஸ்டன்ஸ்' சேர்த்தால் 'தூரத் தூரம்' ஆகிவிடும். 'இல்' உருபுக்காகப் போடும் 'அட்'டும் வேண்டாம். 'கோயிலுக்குப் பக்கம்' என்ற நினைப்பில் 'ஃப்ரம்' இருக்க வேண்டிய இடத்தில் 'டு' போடுவதும் இதே வகைப் பிழை.

கடைகள் பல என்றாலும் தொடர் மாறாது: தி ஷாப்ஸ் ஆர் எ ஸ்டோன்ஸ் த்ரோ ஃப்ரம் ஹியர். 'டூ ஸ்டோன்ஸ் த்ரோஸ்' என்றெல்லாம் போக வேண்டாம்.

படி 3: இடத்தின் பெயர் தேவையில்லாதபோது

எந்த இடத்திலிருந்து என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தால் 'ஃப்ரம்' பகுதியை விட்டுவிட்டு 'அவே' சேருங்கள்: இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்டோன்ஸ் த்ரோ அவே. இந்த 'ஜஸ்ட்' நம் 'தான்' போல: "பக்கத்துலதான்".

படி 4: 'வித்தின்' வந்தால் 'ஆஃப்'

'கல்லெறி தூரத்துக்குள்' என்று சொல்ல வேண்டுமானால்: வி லிவ் வித்தின் எ ஸ்டோன்ஸ் த்ரோ ஆஃப் தி பீச். 'வித்தின்' இருந்தால் 'ஆஃப்', இல்லாவிட்டால் 'ஃப்ரம்'. தமிழில் இரண்டுக்கும் 'இலிருந்து' வரலாம் என்பதால் கை தானாக 'ஃப்ரம்' எழுதும். முடித்ததும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

படி 5: தூரத்தைச் சோதியுங்கள்

கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே போட்டிருக்கும் கண்ணாடிப் பாலம் 77 மீட்டர். கை பலமுள்ளவர் வீசும் கல்லுக்கு ஏற்ற கணக்கு. தி ஸ்டேச்சூ இஸ் எ ஸ்டோன்ஸ் த்ரோ ஃப்ரம் தி ராக் என்று தயங்காமல் எழுதலாம். 2024 டிசம்பரில் பாலம் திறப்பதற்கு முன்பும் இந்த வாக்கியம் சரிதான். அப்போது சிலைக்குப் படகில்தான் போக வேண்டும், கடல் மட்டம் தாழ்ந்தால் அதுவும் ஓடாது. ஆனால் இந்தத் தொடர் சொல்வது தூரத்தை மட்டும். போய்ச் சேரும் சிரமத்தை அல்ல.

கரையிலிருந்து பாறை ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அதற்கு இந்தத் தொடரைப் போடுபவர்கள் உண்டு. எங்களுக்கு அது கொஞ்சம் மிகை, 'எ ஷார்ட் ஃபெர்ரி ரைட்' போதும். தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை சுமார் 2 கி.மீ. அங்கே கல் போய்ச் சேராது, ஆட்டோதான் சேரும்: எ ஷார்ட் ரைட் ஃப்ரம் தக்கலை.

பத்திரம், புகார் மனு போன்றவற்றில் இந்தத் தொடரே வேண்டாம், மீட்டர் எழுதுங்கள்.

படி 6: உறவுக்காரத் தொடர்களோடு குழப்பாதீர்கள்

'வித்தின் ஆர்ம்ஸ் ரீச்' என்றால் கையை நீட்டினால் எடுக்கலாம். கட்டிலில் படுத்தபடியே எட்டும் தண்ணீர் செம்பு போல. 'அட் ஆர்ம்ஸ் லெங்த்' கிட்டத்தட்ட நேரெதிர்: ஒட்டவிடாமல் எட்ட நிறுத்துவது, பெரும்பாலும் ஆட்களை. இரண்டிலும் 'ஆர்ம்' இருப்பதால் மாற்றி எழுதி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். 'கூப்பிடு தூரம்' என்பதற்கு 'வித்தின் இயர்ஷாட்' போடுவதும் சரிவராது. அது உண்மையிலேயே குரல் காதில் விழும் எல்லை. வீடு பக்கத்தில் என்று சொல்ல 'ஸ்டோன்ஸ் த்ரோ'வே பொருத்தம்.

படி 7: எழுதிப் பாருங்கள்

விடையை மறைத்துக்கொண்டு முயலுங்கள்.

"பள்ளிக்கூடம் எங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரந்தான்."
தி ஸ்கூல் இஸ் ஜஸ்ட் எ ஸ்டோன்ஸ் த்ரோ ஃப்ரம் அவர் ஹவுஸ்.

"பஸ் ஸ்டாண்டுக்குக் கல்லெறி தூரத்துக்குள்ள மூணு லாட்ஜ் இருக்கு."
தேர் ஆர் த்ரீ லாட்ஜஸ் வித்தின் எ ஸ்டோன்ஸ் த்ரோ ஆஃப் தி பஸ் ஸ்டாண்ட்.

"அந்த ஆளைக் கொஞ்சம் எட்டவே வச்சுக்கோ."
கீப் ஹிம் அட் ஆர்ம்ஸ் லெங்த். இதற்குக் கல்லெறியைத் தேடியிருந்தால் படி 6-ஐ இன்னொரு தடவை படியுங்கள்.