கியோங்ஜுவில் தங்க இடம் பிடிப்பது எப்படி: ஹனோக் முதல் ஹோட்டல் வரை

தென் கொரியாவின் கியோங்ஜுவில் முதல் இரவு நானும் அம்மாவும் சால்வை, ஸ்வெட்டர், துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தோம். நவம்பர் மாதம். தரையே சூடாகும் ஒன்டோல் அறை என்று தேடிப் பிடித்து எடுத்த அறை அது. குளிர்ந்ததற்கு வீடும் காரணமில்லை, வீட்டுக்காரப் பாட்டியும் காரணமில்லை. நான் அமுக்கிய ஒரு பொத்தான்தான் காரணம். அந்தக் கதை நாலாம் படியில் வருகிறது. ஏற்கெனவே அறை எடுத்துவிட்டவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

விசா, விமானம், சிம் கார்டு பற்றி இதில் எதுவும் கிடையாது. அதற்கெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

படி 1: முதலில் ஏரியாவை முடிவு செய்யுங்கள்

சில்லா என்ற பழைய கொரிய அரசுக்கு ஏறக்குறைய 1000 வருடம் தலைநகராக இருந்த ஊர் இது. பார்க்க வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் இல்லை. பழைய ஊருக்குள் தேருங்வொன் இருக்கிறது. புல் மூடிய குன்றுகள் என்று நினைத்துப் பக்கத்தில் போனால், எல்லாம் அரச குடும்பத்துக் கல்லறைகள். அங்கிருந்து சோம்சோங்தே வானியல் கோபுரமும் வொல்ஜி குளமும் நடக்கிற தூரம்தான். புல்குக்சா கோயில் தென்கிழக்கே 15 கிலோமீட்டர். ஊருக்குள் உயரமாகக் கட்டக் கட்டுப்பாடு இருப்பதால் பெரிய ஹோட்டல்கள் பெரும்பாலும் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, பொமுன் ஏரிக்கரையில் இருக்கின்றன. கேடிஎக்ஸ் என்ற அதிவேக ரயில் நிற்கும் நிலையமோ இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம், ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்.

அந்த ரயில் நிலையத்தில் ஒரு குழப்பம் உண்டு. பழைய பயணக் குறிப்புகளில் 'சின்கியோங்ஜு' என்று வரும். 2023 டிசம்பரில் அதற்கே 'கியோங்ஜு' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஊர் நடுவில் இருந்த பழைய நிலையத்தின் பெயரும் கியோங்ஜுதான். 2021 டிசம்பரோடு அங்கே ரயில் நின்றுவிட்டது. 'ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை' என்று எங்காவது படித்தால், எந்த ஸ்டேஷன் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு பழைய ஊருக்குத்தான். காரணம் இரவு. வொல்ஜி குளத்தில் விளக்குப் போட்டதும் மண்டபங்கள் தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். இரவு 10 மணி வரை திறந்திருக்கும். பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடாமல் அறைக்கு நடந்தே வரலாம். பக்கத்திலேயே ஹ்வாங்னிதான்-கில் என்ற கடைத்தெரு, ஓட்டுக்கூரை வீடுகளுக்குள் முழுக்கக் காபிக்கடை. சனிக்கிழமை அங்கே கார் நகராது, கூட்டம் அள்ளும். அதனால் அந்தத் தெருவிலேயே எடுக்காமல், இரண்டு சந்து தள்ளி எடுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள், தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் பொமுன் பக்கம் போகலாம். 2025இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் உச்சிமாநாடு நடந்தது அந்த ஏரிக்கரையில்தான். ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரிப் பூக்கும் வாரத்தில் மட்டும் அங்கே அறையும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது.

படி 2: எந்த வகை அறை?

கெஸ்ட்ஹவுஸ், ஹோட்டல் இரண்டும் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான், விளக்கத் தேவையில்லை. மோட்டல் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும். நம் ஊர் லாட்ஜ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அறை பெரிது, குளியலறை நன்றாக இருக்கும், விலை குறைவு. கொரியச் செயலிகளில் ஒரே மோட்டலுக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள். 'தேசில்' என்பது சில மணி நேர வாடகை. 'சுக்பாக்' என்பதுதான் இரவு தங்க. இவ்வளவு மலிவா என்று மனம் துள்ளினால் அது தேசில் விலையாக இருக்கும். செக்-இன் நேரத்தையும் பாருங்கள். பகலெல்லாம் மணிக்கணக்கில் விடுவதால், இரவு தங்குகிறவர்களைச் சில மோட்டல்களில் மாலைக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள்.

ஹனோக் என்றால் மரச்சட்டம், ஓட்டுக்கூரை, காகிதம் ஒட்டிய இழுப்புக் கதவு, நடுவில் முற்றம். இந்த ஊரில் பெட்ரோல் பங்குக்குக்கூட ஓட்டுக்கூரை போட்டிருப்பார்கள், கூரையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். கான்கிரீட் வீட்டுக்கு ஓடு வேய்ந்து ஹனோக் என்று விற்பதும் உண்டு. அதில் தங்கினால் பாவமில்லை, சத்தமும் குளிரும் உள்ளே வராது. ஆனால் அதற்குப் பழைய மரவீட்டின் விலையைக் கொடுக்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது: டெம்பிள் ஸ்டே, அதாவது புத்தக் கோயிலிலேயே தங்குவது. புல்குக்சாவிலும், சொன்முதோ என்ற தற்காப்புக் கலைக்குப் பேர்போன கொல்குல்சாவிலும் தங்கலாம். கோயில் சாப்பாட்டில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. விடியுமுன் எழுப்பிவிடுவார்கள்.

படி 3: படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லா அறையும் படத்தில் பெரிதாகத்தான் இருக்கும். மெத்தை விரித்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். 'யோ' என்கிற மெல்லிய தரை மெத்தை இரண்டை விரித்தபின் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது? உங்கள் பெட்டி அங்கேதான் நிற்கப்போகிறது. விரித்த படமே இல்லையென்றால் நான் அந்த அறையை விட்டுவிடுவேன்.

அப்புறம் குளியலறை. அறைக்குள்ளேயா, முற்றத்தைத் தாண்டியா? நவம்பரில் நடுராத்திரி முற்றத்தைத் தாண்டுவது சுகமான விஷயமில்லை. படுக்கை கட்டிலா தரையா என்பதும் முக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பாய் விரித்துப் படுத்தே வளர்ந்தவர், அதனால் படுப்பது கஷ்டமாக இல்லை. எழுவதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டில் போட்ட ஹனோக் அறைகளும் உண்டு, கேட்டால் கிடைக்கும்.

உள்ளூர்ச் செயலிகளில் விலை குறைவாக இருக்கும். ஆனால் பதிவு செய்யக் கொரியத் தொலைபேசி எண் கேட்பார்கள். நான் மல்லுக்கட்டிப் பார்த்து அரை நாளை வீணாக்கியதுதான் மிச்சம். வெளிநாட்டு அட்டையை ஏற்கும் தளத்தில், இலவசமாக ரத்து செய்ய முடிகிற அறையை எடுங்கள். இடத்தைச் சரிபார்க்க நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலி. நான் போனபோது கூகுள் மேப் அங்கே நடைவழி காட்டவில்லை.

படி 4: சுவரில் இருக்கும் அந்தப் பெட்டி

அறைக் கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். பாய்லரை இயக்குவது அதுதான். பாய்லர் சுடவைக்கும் தண்ணீர் தரைக்கடியில் குழாய்களில் ஓடி அறையைச் சூடாக்கும். பெட்டியில் எல்லாம் கொரிய எழுத்து.

நான் கொரிய எழுத்தை விமானத்தில் அரைகுறையாகப் படித்துக்கொண்டு போனவள். 'ஒன்' என்ற எழுத்து தெரியும்: மேலே வட்டம், கீழே 'ட' மாதிரி ஒரு வளைவு. பெட்டியில் அதைக் கண்டதும் 'ஒன்டோல்' என்று நானே முடித்துக்கொண்டு அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. குழாயைத் திறந்தால் பாய்லர் உறுமியது, வெந்நீர் கொட்டியது. தரை மட்டும் கல்லாகவே கிடந்தது. மெதுவாகச் சூடேறும் என்று விடியும்வரை அம்மாவைச் சமாதானம் செய்தேன்.

காலையில் பாட்டி வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். நான் அமுக்கியது 'ஒன்சு'. வெந்நீர். 'வெந்நீர் மட்டும் போதும், தரை வேண்டாம்' என்று பாய்லருக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்: கூடாரம் மாதிரி ஒரு குறி, அதன் கீழே ஒரு கோடு, கோட்டிலிருந்து ஒரு காம்பு இறங்கினால் அது 'சு', தண்ணீர். கட்டம் கட்டமாக நெருக்கி எழுதியிருந்தால் அது 'டோல்'.

இன்னும் மூன்று சொல் தெரிந்தால் போதும். 'நன்பாங்' என்றால் அறையைச் சூடாக்குவது. 'சில்லே' என்றால் அறையின் காற்று வெப்பம். அந்த முறையில் 22, 23 என்று வைக்கலாம். ஒன்டோல் முறையில் காட்டும் எண் குழாய்த் தண்ணீரின் வெப்பம், அங்கே 50 என்று பார்த்துப் பதற வேண்டாம். 'வெச்சுல்' என்றால் ஆள் வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம். அதை அமுக்கிவிட்டுப் படுத்தால் என் கதைதான். சந்தேகமாக இருந்தால் பப்பாகோ மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைக் காட்டுங்கள். நானும் அதை வைத்திருந்தேன், எழுத்துதான் தெரியுமே என்ற திமிரில் திறக்கவில்லை.

இரண்டாம் இரவு பழிவாங்குகிற மாதிரி எண்ணை ஏற்றிக்கொண்டே போனேன். தரை சூடாக ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், ஆறவும் அவ்வளவு நேரம் ஆகும். நடுராத்திரி அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, நேத்து ஐஸ் பெட்டி, இன்னைக்கு தோசைக்கல்லா?" என்றார். கதவைத் திறந்துவிட்டுப் படுத்தோம். மாலை ஏழு மணிக்கே மிதமாக வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், தொடாதீர்கள். வெப்பம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அந்தக் காலத்தில் அடுப்புப் பக்கம் இருந்த சூடான மூலைக்கு 'அரென்மோக்' என்று பேர், பெரியவர்களுக்கு அதைக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். கையால் தரையைத் தடவிப் பார்த்து இடம் பிடியுங்கள்.

படி 5: போய்ச் சேர்ந்ததும்

செருப்பைப் படிக்கல்லில் விடுங்கள். பெட்டியை மரத்தரையில் உருட்டாமல் தூக்கிப் போங்கள். காகிதக் கதவு, பக்கத்து அறை இருமல்கூடக் கேட்கும். பத்து மணிக்கு மேல் வீடியோ அழைப்பு வேண்டாம். எங்கள் வீட்டில் பேசியதெல்லாம் முற்றத்துக்கே கேட்டிருக்கும், மொழி புரியாததால் பிழைத்தோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், பொமுன் ஹோட்டலில் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக் காசு கேட்டார்கள் என்று கோபமாக எழுதியிருந்தார். ஏமாற்று இல்லை. 2024 மார்ச் முதல் 50 அறையோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்களை இலவசமாகத் தரக்கூடாது என்று அங்கே சட்டம். பிரஷ், பேஸ்ட் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: சுசோக் (அறுவடைத் திருநாள்), சொல்லால் (சந்திரப் புத்தாண்டு) பண்டிகை நாட்களில் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. அறை கிடைத்தாலும் ரயில் டிக்கெட் கிடைக்காது. மற்ற வாரங்களில் ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து புதன் காலை கிளம்புகிற மாதிரி திட்டமிடுங்கள். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வாடகையில் இருக்கும் வித்தியாசத்தில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு முடிந்துவிடும்.