ஒற்றை டம்பெல்லும் ஒரு கட்டிலும்: வீட்டிலேயே ஒரு கால், ஒரு கைப் பயிற்சி

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டம்பெல், ஏழரை கிலோ. ஜோடியாகத்தான் வாங்கினேன், ஒன்றை ஊருக்கு எடுத்துப்போன தம்பி இன்னும் திருப்பித் தரவில்லை. மிச்சமிருந்தது சில மாதம் காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது. எடை போதவில்லை என்றால் அதைத் தூக்கும் கை கால்களில் ஒன்றைக் குறைத்துவிட வேண்டியதுதான் என்று அப்புறம்தான் உறைத்தது.

கணக்கு எளிது. 60 கிலோ ஆள் தோப்புக்கரணம் போட்டால் இரண்டு காலும் அந்தச் சுமையை ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு காலைப் பின்னால் ஒதுக்கிவிட்டால் பெரும்பங்கு முன்காலின் தலையில் விழும். கையில் ஐந்து கிலோ சேர்ந்தாலே தொடை நடுங்கும்.

என்னென்ன வேண்டும்

டம்பெல் இல்லாவிட்டால் கைப்பிடி உள்ள காலி 5 லிட்டர் எண்ணெய் கேன் போதும். தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ, காய்ந்த மணல் என்றால் சுமார் 8 கிலோ. தண்ணீரைப் பாதியாக விடாதீர்கள், உள்ளே அலையடித்துக் கையை இழுக்கும். மற்றபடி சுவர், மாடிப்படி, அசையாத கட்டில். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம். டைல்ஸ் தரையில் அது வழுக்கிப் போக, நான் ஒருமுறை சப்பென்று உட்கார்ந்திருக்கிறேன். வெறுங்காலோடு செய்யுங்கள்.

ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடந்து, கை கால்களைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒவ்வொரு காலிலும் 30 விநாடி நின்று பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் ஆடுகிறதோ, பெரும்பாலும் அதுதான் உங்கள் பலவீனப் பக்கம். எல்லாப் பயிற்சியையும் அந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பியுங்கள். அது எட்டு முறை செய்தால் பலமான பக்கமும் எட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முடிகிறதே என்று கூடுதலாக நாலு போட்டால் வித்தியாசம் கூடத்தான் செய்யும்.

முதலில் கால்: ஸ்பிளிட் ஸ்குவாட்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். சுவரோரம் நின்று ஒரு காலை இரண்டடி முன்னால் வையுங்கள். பின்காலின் குதிகால் தூக்கியிருக்கட்டும். லிஃப்ட் இறங்குவதுபோல நேராகக் கீழே இறங்குங்கள், முன்னால் பாயாதீர்கள். பின் முழங்கால் தரையைத் தொடப்போகும்போது நிறுத்தி, முன்பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழுங்கள். தடுமாறினால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள், தொடக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு அதுதான். முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். கொஞ்சம் தாண்டினால் பரவாயில்லை, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் இருந்தால் சரி.

பக்கத்துக்குப் பத்து முறை அலட்டாமல் வந்த பிறகு பின்காலை மாடிப்படியின் இரண்டாம் படியில் வையுங்கள், பாதத்தின் மேல்புறம் படியில் படியட்டும். ஜிம்மில் இதைத்தான் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் என்கிறார்கள். எடுத்த எடுப்பில் கட்டில் உயரம் வேண்டாம். எடையைச் சேர்க்கும்போது வலது கால் முன்னால் என்றால் இடது கையில் பிடியுங்கள், வலது கை சுவருக்கு.

தொடையின் பின்பக்கம்: ஒற்றைக் கால் டெட்லிஃப்ட்

சுவருக்கு ஓரடி முன்னால், அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, பின்புறத்தால் சுவரைத் தொடுங்கள். உடம்பு இடுப்பில் மடிகிறதல்லவா, அந்த அசைவுதான் இது. இப்போது பைக்குக்கு சைடு ஸ்டாண்ட் போடுவதுபோல ஒரு காலைப் பின்னால் நகர்த்தி நுனிவிரலை மட்டும் ஊன்றி, முன்காலில் சுமையை வைத்து அதே அசைவைச் செய்யுங்கள். முதுகு பலகைபோல நேராக, எடை காலை ஒட்டி முழங்காலுக்குக் கீழே வரை இறங்கினால் போதும். தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள். இடுப்புக்கு மேல் முதுகில் பிடித்தால் அதிகமாகக் குனிகிறீர்கள். சில வாரம் கழித்து சைடு ஸ்டாண்டை எடுத்துவிடலாம்.

கைக்கு இரண்டு

இழுப்பது: ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் எடையை பேன்ட் பாக்கெட் பக்கம் இழுங்கள். ஜெனரேட்டர் கயிற்றை வெடுக்கென்று இழுப்பதுபோல உடம்பைத் திருப்பாதீர்கள்.

தள்ளுவது: வலது முழங்காலைத் தரையில் ஊன்றி அரை மண்டியிட்டு, எடையை வலது கையால் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுங்கள். பின்புறத்தை இறுக்கினால் முதுகு வளையாது. மண்டியிடுவதில் ஃபேனும் தப்பிக்கும்.

ஒற்றைக் கைத் தண்டாலை இப்போதைக்கு சினிமா நாயகர்களுக்கே விட்டுவிடலாம். தண்டால் இரண்டு கையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, வாளி

வாளியில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து ஒரு கையில் தூக்கி, நிமிர்ந்து 30 விநாடி நடங்கள். கை மாற்றி இன்னொரு முறை. வெறுங்கை இருக்கும் பக்கத்து விலாவில் இறுக்கம் தெரியும். தண்ணீர் சிந்தினால் உடம்பு சாய்கிறது அல்லது அவசரப்படுகிறீர்கள்.

எத்தனை, எப்போது

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 8 முறை, இரண்டு செட் (சுற்று); மூன்றாவது வாரம் மூன்று செட். இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்னும்போதே நிறுத்துங்கள். தள்ளும்போது, எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். 12 முறை வந்துவிட்டால் உடனே கேனுக்கு மணல் தேடி ஓட வேண்டாம். இறங்குவதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், அடியில் ஒரு விநாடி நில்லுங்கள். அதுவும் பழகிய பிறகு எடையைக் கூட்டலாம்.

ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா? 1894-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியே பெறாத மறு கையும் ஓரளவு வலுப்பெற்றிருந்தது. தசையை இயக்கும் நரம்பு மண்டலமும் சேர்ந்து பழகுவதுதான் காரணம். அதனால் மருத்துவர் ஒத்துக்கொண்டால் நல்ல கையின் பயிற்சியைத் தொடரலாம்.

முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மூட்டுக்குள் குத்துவதுபோல வலித்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ முழங்கால் பிரச்சினையோ இருப்பவர்கள் அவரைக் கேட்டுவிட்டே முதல் செட்டை ஆரம்பியுங்கள்.