இறால் படகில் ஏறினால் முதலில் மடியைப் பாருங்கள்

இறால் இழுவைப் படகில் சோதனைக்கு ஏறியதும் உரிமத்தைக் கேட்காதீர்கள். நேரே பின்தளத்துக்குப் போய் வலையின் மடியில் கை வையுங்கள். உரிமம் எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள் உள்ளே உட்கார்ந்து காகிதம் புரட்டும் ஐந்து நிமிடத்தில், பின்னால் நிற்பவர் உள்வலையின் (மடிக்குள் மறைத்துத் தைத்த சின்னக் கண்ணி வலை) தையலை அறுத்துக் கடலில் தள்ளிவிடலாம். படகுகளைச் சோதிக்கும் மீன்வள ஆய்வாளராக 18 வருடம் வேலை பார்த்தேன். புதிதாக வந்த ஆய்வாளர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

மடி என்பது வலையின் கடைசிப் பை. பிடிபட்டதெல்லாம் வந்து சேரும் இடம் அது. முன்னால் கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மடியில் சிறிதாக இருந்தால் குஞ்சு தப்பாது. அதனால் கண்ணி அளவு பற்றிய வழக்கு பெரும்பாலும் மடியில்தான் நிற்கும், மடியில்தான் விழும்.

என் முதல் வழக்கு விழுந்தது. கரையில் கட்டியிருந்த படகு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வலை. அளந்தேன், குறைவாக இருந்தது, எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். விசாரணையில் ஒரே ஒரு கேள்வி: “வலை ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா?” அத்தோடு முடிந்தது. காய்ந்த வலையும் நனைந்த வலையும் ஒரே அளவு காட்டுவதில்லை. நூலும் முடிச்சும் தண்ணீரில் மாறும். அன்றிலிருந்து வாளியும் கயிறும் என் பையில் இருந்தன.

சரி, எப்படி அளப்பது? உங்கள் ஊர் விதியில் சொல்லியிருக்கும் முறையை அப்படியே பின்பற்றுங்கள். விதி தெளிவாக இல்லாத இடத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கொண்டுவந்த முறை நல்ல வழிகாட்டி. வலை நனைந்திருக்க வேண்டும். மடியின் நீளவாக்கில் அடுத்தடுத்து 20 கண்ணிகளை அளந்து சராசரி பார்க்க வேண்டும். கயிறு, தையல், மடிவாய் கட்டும் இடம் ஆகியவற்றிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்க வேண்டும். கிழிந்த கண்ணியும் பழுது பார்த்த கண்ணியும் கணக்கில் சேராது. எங்கே குறைவாகத் தெரிகிறதோ அங்கே மட்டும் அளவுகோலைச் செருகாதீர்கள். அது நியாயமும் இல்லை, வழக்கில் நிற்கவும் நிற்காது.

இன்னொன்று: எண்ணை நீங்கள் படிக்காதீர்கள். படகோட்டியைக் கூப்பிடுங்கள். “அண்ணே, இங்க வாங்க. கோல்ல என்ன காட்டுது?” அவர் குனிந்து பார்த்து, “முப்பத்தாறு” என்று சொல்லட்டும். அடுத்த கண்ணி, அடுத்த எண். இருபதும் அவர் வாயிலிருந்தே வந்தால் பிறகு ‘அதிகாரி பொய் எழுதினார்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தாவது கண்ணி தாண்டும்போது பல பேர் குரல் தணிந்துவிடும். அந்த நேரத்தில் அதட்ட வேண்டாம். மீதிப் பத்தையும் அதே நிதானத்தில் முடியுங்கள்.

வெளியே அளவு சரியாக இருந்தால் உள்ளே பாருங்கள். மடியின் வாயை அவிழ்த்துக் கையை முழங்கை வரை விடுங்கள். உள்வலை இருந்தால் விரலுக்கு இரண்டு அடுக்கு தட்டுப்படும். தரையில் உரசாமல் இருக்க அடிப்பக்கம் காப்பு வலை கட்டுவது பல இடங்களில் அனுமதிக்கப்பட்டதுதான்; அதுவே சுற்றி வந்து மேல்பக்கத்தையும் மூடியிருந்தால், கண்ணியை அடைக்கத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆமை விலக்கி. மடிக்கு முன்னால் சாய்வாகக் கட்டும் கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து போகும், ஆமை முட்டித் திறப்பு வழியே வெளியேறும். அமெரிக்க விதிப்படி கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. சட்டத்தின் சாய்வு 55 பாகையைத் தாண்டக் கூடாது. செங்குத்தாகிவிட்டால் ஆமை சறுக்கி வெளியேறாமல் கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் நான் முதலில் தொடுவது கம்பியை அல்ல, திறப்பின் மூடுவலையை, அதாவது ஆமை தள்ளினால் விலகும்படி திறப்பின் மேல் கிடக்கும் வலைத்துண்டை. ஒருமுறை பழைய பச்சை வலையில் விரல்நீளத்துக்குப் புது வெள்ளை நூல் தெரிந்தது. இழுத்துப் பார்த்தேன்; மூடுவலையின் மூன்று பக்கமும் தைத்திருந்தது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர். இழுப்பு முடியும்வரை அதற்கு வேறு வழியில்லை.

நீங்கள் இருக்கும்போதே அசைவில்லாத ஆமை வலையில் வந்தால் செத்துவிட்டது என்று எறிய விடாதீர்கள். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியை 6 அங்குலமாவது உயர்த்தி, ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள். 4 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். மூக்கை மூடாமல் துணியைப் போடுங்கள்.

கிடங்குக்குள் இறங்கும் முன் நில்லுங்கள். இறால் கருக்காமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்பைட் பொடி போடுவார்கள். அது ஈரத்தில் கந்தக டையாக்சைடு வாயுவை விடும். மூடிய கிடங்கில் அந்த வாயு தங்கி மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். மேலே ஒருவர் உங்களைப் பார்த்தபடி நிற்கட்டும். நெடி மூக்கைக் குத்தினால் இறங்கவே வேண்டாம், பெட்டிகளை மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

கவுண்ட், அதாவது ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்று பார்க்க மேலடுக்கை நம்பாதீர்கள். பெரிய இறால்தான் எப்போதும் மேலே இருக்கும். அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் மூன்று நான்கு பெட்டிகளில் ஒவ்வொரு கிலோ எடுத்து எண்ணுங்கள். தலையோடு எண்ணினீர்களா, தலை நீக்கியா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இறாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைதான். அதை எடுத்துவிட்டால் அதே இறாலின் கவுண்ட் வேறாகிவிடும். இழுவையில் பிடிபடும் இறால் வகைகளில் பல கடலில் முட்டையிட்டு, முகத்துவாரத்தில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புபவை. தடைக்காலத்தில் பிடித்த பொடி இறால் இன்னும் சில வாரம் கடலில் இருந்திருந்தால் அதே மீனவருக்கு நல்ல விலைக்குப் போயிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மீன்பிடிக்கக் கூடாத தடைப்பகுதி வழியாகச் சும்மா கடந்து வந்தேன் என்று படகோட்டி சொன்னால், படகு போன வழியைப் பதியும் தடக்கருவியைப் பாருங்கள். கடந்து போகிற படகு நேராக, வேகமாகப் போகும். 3 நாட் (மணிக்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர்) வேகத்தில் போன வழியே திரும்பித் திரும்பி வந்திருந்தால் வலை தண்ணீரில் இருந்திருக்கிறது.

கடைசியாக அறிக்கை. இருபது அளவுகளும் வரிசையாக, நேரம், இடம், வலை ஈரமா என்பதோடு. படகோட்டி கையெழுத்துப் போட மறுத்தால் மறுத்தார் என்று எழுதி, நகலைக் கையில் கொடுங்கள். விதிப்படி இருந்த படகுக்கும் அதே தாளைக் கொடுக்க மறக்காதீர்கள். ஒரு படகில் நான் மூன்று வருடம் முன்பு கொடுத்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுக்கான் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். நான் ஏறியதும் அதைக் காட்டிவிட்டு, கேட்காமலேயே மடியை அவிழ்க்கப் போனார் அந்தப் படகோட்டி.