வெளிநாட்டு மின்கட்டண, எரிவாயுப் பில்களைப் படிப்பது எப்படி: கொங்குப் பகுதியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டில் குடியேறுபவர்களுக்கு மோட்டாரும் மீட்டரும் புதியவை அல்ல. தோட்டத்துக் கிணற்றில் 5 ஹெச்.பி. மோட்டார் ஓடுவதையும், வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யூனிட் கணக்கில் மின்கட்டணம் வருவதையும் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஆனால் தோட்டத்து மின்சாரம் இலவசம் என்பதால், அந்த மோட்டார் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று கணக்குப் பார்க்கும் தேவை நமக்கு வரவில்லை. வெளிநாட்டில் குளிர்காலத்து முதல் பில் வரும்போது அந்தக் கணக்குத்தான் தேவைப்படுகிறது.

ஹெச்.பி.யும் வாட்டும் திறனின் அளவுகள். ஒரு கருவி எவ்வளவு வேகமாக ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை அவை காட்டுகின்றன. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். யூனிட் என்பதோ செலவான ஆற்றலின் அளவு. ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வெளிநாட்டுப் பில்லில் கிலோவாட் மணி என்று அச்சிட்டிருப்பதும் இதே யூனிட்தான். 5 ஹெச்.பி. மோட்டார் தரும் திறன் சுமார் 3.7 கிலோவாட், மோட்டாருக்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், ஒரு மணி நேரத்துக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் ஆகும்.

ஆகவே வாட் எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம். பிரிட்டனில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் 3 கிலோவாட் இழுக்கும். ஆனால் நான்கு நிமிடத்தில் வேலை முடிவதால் 0.2 யூனிட்தான் ஆகிறது. அதைவிடச் சிறிய 2 கிலோவாட் ஹீட்டரை நாள்தோறும் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் எரியவிட்டால் மாதத்துக்கு 300 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெற்றுப் பழகிய குடும்பத்துக்கு இது பெரும் செலவு.

எரிவாயுவில்தான் குழப்பம் அதிகம், ஏனெனில் ஒவ்வொரு நாடும் ஒவ்வோர் அளவைப் பயன்படுத்துகிறது. பிரிட்டனில் இன்றைய மீட்டர்கள் கன மீட்டரில் அளக்கின்றன. பில் கிலோவாட் மணியில் வருகிறது. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 யூனிட். சில பழைய மீட்டர்கள் கன அடியில் அளப்பதால், எந்த அளவு என்று மீட்டரின் முகப்பைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பில் மெகாஜூலில் வரும், 3.6 மெகாஜூல் ஒரு யூனிட். அமெரிக்காவில் பல இடங்களில் தெர்ம் என்பார்கள். ஒரு தெர்ம் 29.3 யூனிட். கனடாவின் சில மாகாணங்களில் கிகாஜூல். அது சுமார் 278 யூனிட். எதைக் கண்டாலும் யூனிட்டாக மாற்றிவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. அப்போதுதான் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்குவது மலிவா, எரிவாயுவில் மலிவா என்று ஒப்பிட முடியும். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் என்பதை நினைவில் வைத்தால், இந்த எண்கள் கைக்கு அடங்கும்.

அமெரிக்கக் கடைகளில் ஏ.சி.யின் மேல் 12,000 பி.டி.யூ. என்று எழுதியிருந்தால், அது ஒரு டன் ஏ.சி. மணிக்கு அது வெளியேற்றும் வெப்பத்தின் அளவே அந்த எண்; இழுக்கும் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு.

கோவை வெட் கிரைண்டரை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ கொண்டுபோகிறவர்கள் வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகுமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது; மோட்டாரின் வேகம் அந்த ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஏற்றுமதிக்கென்றே கோவையில் அந்த நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற, 110 வோல்ட் எனப்படும் கிரைண்டர்கள் செய்கிறார்கள். ஊரிலிருந்து புறப்படும் முன்பே அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.