அரசுப் பணத்தில் எடுத்த கருத்துக் கணிப்பின் முழு ஆவணத்தையும் கேட்டுப் பெறுவது எப்படி?

கையில் ஒரு டேப்லெட்டோடு வாசலில் வந்து நிற்பவர், ரேஷன் கடை ஒழுங்காகத் திறக்கிறதா, குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சாலை எப்படி இருக்கிறது என்று பத்துக் கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார். சில மாதங்கள் கழித்து, மக்களில் பெரும்பாலோர் நிறைவு தெரிவித்திருக்கிறார்கள் என்று ஒரு வரியும் ஒரு சதவீதமும் செய்திக் குறிப்பில் வருகின்றன. யாரைக் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், கதவைத் திறக்காத வீடுகள் எத்தனை என்பதெல்லாம் அந்த வரிக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அந்தக் கணிப்புக்கான செலவு நம் வரிப்பணத்திலிருந்து போனது என்பதால், அந்த ஒற்றைச் சதவீதம் மட்டுமல்ல, அது பிறந்த வழி முழுவதும் நமக்கு உரியது. குமரி மாவட்டத்தில் ஒரு சிறு வாசகசாலையில் மாலை நேரங்களில் தகவல் உரிமை மனு எழுதிக் கொடுத்து வருகிற எனக்கு, இதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதில் கிடைத்த பாடங்களை இங்கே முறையாக எழுதி வைக்கிறேன்.

முதலில், எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்காக ஓர் ஆலைக்கோ சுரங்கத்துக்கோ நடத்தப்படுவது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தனி விதிகள் இருக்கின்றன, அங்கே விரும்பியவர் எவரும் போய்ப் பேசலாம். கருத்துக் கணிப்பு அப்படிப்பட்டதல்ல; சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டு (அந்தச் சிலரைத்தான் ‘மாதிரி’ என்கிறார்கள்), அவர்கள் பதிலை எல்லோருடைய பதிலாகக் கணக்கிடுவது அது. ஆகவே ‘தேர்ந்தெடுத்தது எப்படி’ என்பதே அதன் உயிர்நிலை. தேர்தல் நேரத்தில் தனியார் ஊடகங்கள் தம் செலவில் எடுக்கும் கணிப்புகள் இந்தக் கட்டுரைக்குள் வரவில்லை.

அடுத்ததாக, பணம் எந்த அலுவலகத்திலிருந்து போனது என்று கண்டறிய வேண்டும். பெரும்பாலான கணிப்புகளைத் துறை நேரடியாக நடத்துவதில்லை. ஒரு தனியார் நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ ஒப்பந்தம் கொடுக்கிறது. அந்த நிறுவனத்திடம் மனுப்போட்டுப் பயனில்லை, ஏனெனில் அது பொது அதிகார அமைப்பாக, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்பாக, இல்லாதிருக்கலாம். ஆனால் ஒப்பந்தமும் அறிக்கையும் பணம் கொடுத்த துறையின் கோப்பில் இருக்கும்; மனு அங்கேதான் போக வேண்டும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன்படி விடப்பட்ட ஒப்பந்தப்புள்ளியாக இருந்தால் அதன் அறிவிப்பிலேயே துறையின் பெயரும் பணியின் விவரமும் கிடைத்துவிடும். நாகர்கோவில் மாநகராட்சியோ குளச்சல், குழித்துறை போன்ற நகராட்சியோ செலவழித்திருந்தால் மன்றத் தீர்மானத்தில் அது பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. எந்த அலுவலகம் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். தவறான இடத்துக்குப் போன மனுவை 5 நாள்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அலுவலரின் கடமை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6(3) சொல்கிறது.

மனு எழுதும்போது பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். ‘ஏன் எங்கள் ஊரைக் கேட்கவில்லை?’, ‘இந்தக் கணிப்பு நேர்மையானதா?’ என்று எழுதிவிடுகிறார்கள். கோபம் நியாயமானது என்றாலும் மனு அங்கேயே விழுந்துவிடும். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுக்க வேண்டுமே தவிர, புதிதாகத் தகவலை உருவாக்கவோ விளக்கமோ கருத்தோ சொல்லவோ பொதுத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவரல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ‘ஏன்’ என்ற சொல்லை விலக்கிவிட்டு, காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் மனுவின் நடுப்பகுதி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“தங்கள் அலுவலகச் செலவில் …… திட்டம் குறித்து …… மாதத்தில் நடத்தப்பட்ட கருத்துக் கணிப்பு தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்களை வழங்குமாறு வேண்டுகிறேன். 1. பணி ஆணை, ஒப்பந்தம், பணி வரையறை, வழங்கப்பட்ட தொகைக்கான செலவுச் சீட்டுகள். 2. களத்தில் பயன்படுத்தப்பட்ட வினாத்தாள், அது அச்சிடப்பட்ட அல்லது கருவியில் ஏற்றப்பட்ட எல்லா மொழிகளிலும். 3. மாதிரி தேர்வு செய்த முறை பற்றிய குறிப்பும், தேர்வான ஊர்கள், வார்டுகளின் பட்டியலும். 4. களப்பணி நடந்த நாள்களும் நேரங்களும். அணுகிய வீடுகள், பூட்டியிருந்தவை, பதிலளிக்க மறுத்தவை ஆகியவற்றின் எண்ணிக்கையைக் காட்டும் பதிவுகள். 5. ஒவ்வொரு கேள்விக்கும் வந்த பதில்களின் முழு அட்டவணையும், பதில்களுக்கு எடையிட்டிருந்தால் (சில பிரிவினரின் பதில்களைக் கூட்டியோ குறைத்தோ கணக்கிட்டிருந்தால்) அந்தக் கணக்கும். 6. நிறுவனம் ஒப்படைத்த அறிக்கைகள் அனைத்தும். பெயர், முகவரி, தொலைபேசி எண் நீக்கப்பட்ட மூலத்தரவு மின்னணு வடிவில். 7. இந்தக் கணிப்பைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள்.”

இவற்றில் மூன்றாவதையும் நான்காவதையும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் நம் மாவட்டத்தின் தன்மை அப்படிப்பட்டது. காலை பத்து மணிக்குத் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கதவைத் தட்டினால், ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாத ஆண்களின் குரல் அந்தக் கணிப்பில் இருக்காது. குலசேகரம், அருமனை, கடையால் பகுதிகளில் விடியலுக்கு முன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர் எப்போது வீட்டில் இருப்பார் என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வரும் களப்பணியாளருக்குத் தெரியாது. நம் பக்கம் அண்டியாபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. தோவாளையில் பூ வியாபாரம் செய்கிறவரின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பேச்சிப்பாறை மலைப்பகுதியில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் பட்டியலில் இருந்தனவா, அங்கே போனார்களா அல்லது அணைக்குக் கீழே உள்ள ஊரிலேயே எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டார்களா என்பதைப் பட்டியலும் நேரக் குறிப்பும் சேர்ந்துதான் காட்டிக்கொடுக்கும். வீட்டில் மலையாளம் பேசுகிற குடும்பங்கள் மேற்குப் பகுதியில் இருக்கின்றன. மனுவின் இரண்டாவது இனத்தில் ‘எல்லா மொழிகளிலும்’ என்று சேர்த்தது அதற்காக.

வினாத்தாளை வாங்கியதும் கேள்வியின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். ‘புதிய குடிநீர்த் திட்டத்தால் நீங்கள் எந்த அளவுக்குப் பயனடைந்தீர்கள்: மிகவும், ஓரளவு, சிறிதளவு?’ என்று கேட்டால், பயனே இல்லை என்பவருக்கு அங்கே இடமில்லை. பிறகு நூற்றுக்கு நூறு பேரும் பயனடைந்ததாகத்தான் கணக்கு வரும். கேள்வியின் வரிசையும் அவ்வளவே முக்கியம். அரசு கொடுத்த உதவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘நிறைவா?’ என்று கேட்பதும், எடுத்த எடுப்பில் கேட்பதும் ஒரே பதிலைத் தராது.

மாதிரியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18,70,374; இத்தனை பேர் இருக்க வெறும் 400 பேரைக் கேட்டார்களா என்று சிலர் கொதிக்கிறார்கள். அந்த வாதம் நிற்காது. சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, உண்மையாகவே தேர்ந்தெடுத்த 400 பேர் என்றால் பிழை வரம்பு (கணிப்பின் சதவீதம் உண்மை நிலையிலிருந்து மேலோ கீழோ விலகக்கூடிய அளவு) ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி. 1,000 பேர் என்றால் 3 புள்ளி. மக்கள்தொகை பத்து மடங்கு கூடினாலும் இது பெரிதாக மாறாது. ஆனால் அதே 400 பேரை ஆறு வட்டங்களுக்கும் பங்கிட்டு, ‘கிள்ளியூரைவிட விளவங்கோட்டில் நிறைவு அதிகம்’ என்று அறிக்கை சொன்னால் அதை ஏற்கக் கூடாது. ஒரு வட்டத்துக்கு 66 பேர்தான் வருகிறார்கள், அங்கே பிழை வரம்பு 12 புள்ளிக்கு ஏறிவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை குறைவு என்று சண்டையிடுவதை விட்டுவிட்டு, தேர்வு முறையையும் உட்பிரிவுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாநில அலுவலகங்களுக்கு 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் அஞ்சல் ஆணை இணைக்க வேண்டும், வாசகமும் 500 சொற்களுக்குள் அடங்குவது நல்லது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இந்த மனுவைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். அங்கே அது குறைதீர்ப்பு மனுவாகப் பதிவாகிவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் 30 நாள் கெடுவை நீங்கள் வலியுறுத்துவது கடினமாகிவிடும். ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று முகவரியிட்டு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் மனுவின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். பக்கங்கள் ஏராளம் என்று பதில் வந்தால் பதற வேண்டாம், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

மறுப்பு வரும்போது அதில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதிகம் வருவது 8(1)(டி), அதாவது நிறுவனத்தின் வணிக இரகசியம். ஆயிரம் வாசல்களில் உரக்கப் படித்துக் காட்டிய வினாத்தாள் எப்படி இரகசியமாகும் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். உண்மையிலேயே இரகசியமான பகுதி ஏதேனும் இருந்தால் அதை மட்டும் மறைத்து மீதியைத் தரப் பிரிவு 10 வழி செய்கிறது. அடுத்தது 8(1)(ஜே), தனிநபர் தகவல். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் இந்தப் பிரிவை முன்பைவிட இறுக்கமாக்கியிருக்கிறது என்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஆனாலும் பதில் சொன்னவரின் பெயர் நமக்கு வேண்டியதில்லை, வேண்டவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள இந்தச் சட்டம் ஒருபோதும் கருவியாகக் கூடாது. பெயர் நீக்கிய தரவையே கேட்டிருப்பதால் இந்த மறுப்புக்கு அடிப்படை இல்லை என்று எழுதலாம். பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிற 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது.

‘அறிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்பது தன்னளவில் விலக்கே அல்ல. ‘ஆவணம் இந்த அலுவலகத்தில் இல்லை’ என்ற பதில்தான் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. ஓர் அலுவலகம் பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டு, வினாத்தாளும் தரவும் நிறுவனத்திடமே இருப்பதாக எழுதியது. அதற்குப் பிறகு நான் எல்லா மனுவிலும் ஒப்பந்தத்தை முதல் இனமாக வைக்கிறேன். தரவையும் வினாத்தாளையும் துறைக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், ‘எங்களிடம் இல்லை’ என்பது நிபந்தனை நிறைவேறாமலே பணம் போனதற்கான எழுத்துச் சான்றாகிவிடும், அதைத் தணிக்கைக்கு அனுப்பலாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் குறைவாக இருந்தாலோ, அதிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 30 நாளில், காரணம் பதிந்தால் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மறுத்தது சரி என்று நிறுவ வேண்டிய பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி அலுவலருடையது. கெடு தாண்டிக் கொடுக்கும் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது; தகுந்த காரணமின்றித் தாமதித்தவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளக்கூடும் என்பதால், முதல் மேல்முறையீட்டையே முழு உழைப்போடு எழுதுங்கள்.

இவ்வளவையும் கேட்பது அதிகப்படியான ஆசை என்று யாரேனும் சொன்னால் இரண்டு செய்திகளை அவர்களிடம் சொல்லலாம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21-இல் 6,36,699 வீடுகளில் நடந்தது. அதன் வினாத்தாளும் மாதிரி முறையும் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன, நம் மாவட்டத்துக்கான தனி அட்டவணையும் உண்டு, மூலத்தரவையும் ஆய்வாளர்கள் பெற முடிகிறது. கனடாவில் மத்திய அரசுத் துறை ஒப்பந்தம் கொடுத்து நடத்தும் கருத்தாய்வின் எழுத்து அறிக்கையை, தரவு திரட்டி முடித்த ஆறு மாதத்துக்குள் அந்நாட்டு நூலக ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புடைய எல்லா விவரங்களையும் தானாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(சி) சொல்கிறது. மனுவின் கடைசி வரியாக அதைக் குறிப்பிட்டு, இந்த ஆவணங்களைத் துறையின் இணையதளத்திலும் ஏற்றுமாறு வேண்டுங்கள்.

ஆவணம் கைக்கு வந்ததும் அதை வீட்டுப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். ஒரு நகலை ஊர் நூலகத்தில் கொடுங்கள். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் அடுத்த கிராம சபையில் எழுந்து, எந்த வார்டில் எத்தனை வீடுகளைத் தட்டினார்கள் என்ற பக்கத்தை மட்டும் படித்துக் காட்டி, தங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்பவர்களின் கூற்றையும் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். நவம்பர் 1-ஆம் தேதி, 1956-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த அதே நாளில், உள்ளாட்சி நாள் கிராம சபையும் கூடுகிறது. ஆகஸ்டில் மனுப்போட்டால் பதிலும் முதல் மேல்முறையீடும் அதற்குள் முடிந்திருக்க வாய்ப்பு உண்டு.